‘பிக் அப்’ எண்டு வந்தா எத எடுக்கிறது, ஆர ஏத்துறது, எது பிடிக்கிறது

இங்கிலிஷ் படிக்கிற புள்ளைகள்ல கனபேர் ஃப்ரேசல் வேர்ப் (ஒரு வினையோட குட்டி சொல்லு சேந்து புது அர்த்தம் தாறது) எண்டதும் ஒரு லிஸ்ட்ட வச்சிக்கொண்டு பாடமாக்க தொடங்குறாங்க, பிக் அப் எண்டா தூக்குதல், ஏற்றுதல், கற்றல், வாங்குதல் எண்டு அது பாட்டுக்கு நீண்டு போகும், சோதனை மண்டபத்துக்குள்ள போய் இருந்தா ஒண்டும் ஞாபகம் வராது. ஓ லெவல் புள்ளைகளுக்கும் இதே பிரச்சினைதான், ஏ லெவல் ஜெனரல் இங்கிலிஷ் செய்றவங்களுக்கும் இதேதான், பாசிக்குடாவிலயும் அறுகம்பேயிலயும் ஹோட்டல்ல வேலை செய்ற தம்பிமாருக்கு இன்னும் கஷ்டம், ஏனெண்டா அவங்களுக்கு முன்னால பேப்பர் இல்ல, ஆள் நிக்கிறார், உடனே பதில் சொல்லணும்.

லிஸ்ட் தேவையில்ல. எங்கட தமிழ்லயே இதுக்கு வழி இருக்கு.

‘எடு’ எண்ட சொல்ல கொஞ்சம் யோசிச்சு பாருங்க. ஃபோன எடு, படம் எடு, வகுப்பு எடு, பேங்க்ல காசு எடு, பசி எடுக்குது, வாந்தி எடுக்குது. இத்தன அர்த்தத்தையும் ஆரும் எங்களுக்கு நம்பர் போட்டு படிப்பிக்கல்ல. பக்கத்தில நிக்கிற சொல்லு ஃபோனா, பசியா, காசா எண்டு பாத்த உடனே விளங்குது. வெள்ளக்காரரும் பிக் அப்ப அப்படித்தான் விளங்கிக்கொள்றாங்க, அவங்கட மண்டைக்குள்ளயும் லிஸ்ட் ஒண்டும் இல்ல. அதனால முதல் பழக்கம் இதுதான்: வசனத்தில பிக் அப் வந்தா அந்த ரெண்டு சொல்லையும் உத்து பாக்கவேணாம், ‘எத?’ ‘ஆர?’ எண்டு கேட்டு பக்கத்து சொல்ல பாருங்க, அப்படி ஒண்டும் இல்லாட்டி வசனத்தின்ட தலையில என்ன இருக்கு எண்டு பாருங்க.

அடுத்தது, அந்த சொல்ல பாத்திட்டு தமிழ்ல மூணு வினைய போட்டு பாருங்க. எடு, ஏத்து, பிடி. பிக் அப் வாற வசனத்தில முக்காவாசி இந்த மூணுக்குள்ள வந்து விழும். மிச்சம் கொஞ்சத்த கடைசியில சொல்றன்.

எடு

இது லேசானது, வேகமா போவம். நிலத்தில கிடக்கிற பேனைய எடுக்கிறது, ‘பிக் அப் த பென்’. ஃபோன எடுக்கிறதும் இதேதான். கோல் எடுக்க எடுக்க ஆள் தூக்கல்ல எண்டா ‘ஹீ இஸ் நொட் பிக்கிங் அப்’ எண்டு சொன்னா போதும், ஃபோன் எண்ட சொல்லு வசனத்தில இருக்கவே தேவையில்ல. கூரியர் ஒஃபிஸில வந்து கிடக்கிற பார்சல எடுக்கிறது, தைக்க குடுத்த சட்டைய எடுக்கிறது எல்லாம் இதுக்குள்ளதான்.

கடையில சாமான் எடுக்கிறதும் இங்க வரும். நாங்களும் ‘வாற வழில ஒரு பாண் எடுத்திட்டு வாங்க’ எண்டுதானே சொல்றம், அங்க எடு எண்டா காசு குடுத்து வாங்கு எண்டுதான் அர்த்தம். ‘பிக் அப் சம் பிரெட் ஒன் த வே’ எண்டா அச்சொட்டா அதேதான். ஆனா ஒண்ட கவனிக்கணும், இந்த வாங்கல் சின்ன வாங்கல், போற போக்கில செய்றது, இல்லாட்டி நல்ல விலைக்கு மாட்டினது. மருதமுனையில ஒரு கைத்தறி சாரம் பிக் அப் பண்ணினன் எண்டு ஒரு டூரிஸ்ட் சொன்னா சரியா இருக்கும், நாலு மாசம் லோயரோட அலைஞ்சு காணி வாங்கினதுக்கு பிக் அப் பொருந்தாது, அதுக்கு ‘பை’ எண்டே போடுங்க.

ரெஸ்டோரன்ட்ல வேலை செய்றவங்க கட்டாயம் தெரிஞ்சிருக்க வேண்டியது ‘ஐ வில் பிக் அப் த பில்’. பில் பேப்பர கையில எடுக்கிறன் எண்டு அவர் சொல்லல்ல, இந்த மேசையில இருக்கிற எல்லாருக்கும் நான்தான் காசு குடுக்கிறன் எண்டு சொல்றார். அத விளங்காம ஆளுக்கொரு பில்லா பிரிச்சு கொண்டு போய் வச்சா அவருக்கு பக்கத்தில இருக்கிற ஆக்களுக்கு முன்னால சங்கடமா போகும். அமெரிக்கர் ‘டாப்’ எண்டும் சொல்லுவாங்க, ‘பிக் அப் த டாப்’, அதுவும் இதேதான்.

ஏத்து

இங்கதான் எங்கட ஆக்கள் கூட தடுமாறுறது, அதுவும் நாங்க நாளாந்தம் பாவிக்கிற சொல்லாலயே. நாங்க கதைக்கிறப்ப ‘ஆறு மணிக்கு வந்து பிக் பண்ணுறன்’, ‘வீட்டடியில ட்ரொப் பண்ணுறன்’ எண்டு சொல்லி பழகிட்டம். இலங்கையில, இந்தியாவில இங்கிலிஷ் கதைக்கிற ஆக்களுக்குள்ள இது ஓடும், ஒரு பிரச்சினையும் இல்ல. ஆனா வெளிநாட்டுக்காரர் காதுக்கு வெறும் ‘பிக்’ எண்டா தெரிவு செய்றது. ‘ஐ வில் பிக் யூ’ எண்டு ஓட்டோக்காரர் சொன்னா, நான் உங்கள தெரிவு செய்றன் எண்டுதான் அவங்களுக்கு முதல்ல கேக்கும். அப் எண்ட அந்த குட்டி சொல்லுதான் ஆள வாகனத்தில ஏத்துது. ‘ஐ வில் பிக் யூ அப் அட் சிக்ஸ்’. அதே போல இறக்கி விடுறதுக்கு ‘ட்ரொப் யூ ஒஃப்’. அறுகம்பேயில விடியக்காலம விஸ்கி பொயின்டுக்கோ பீநட் ஃபாமுக்கோ ஓட்டோவில சர்ஃப் போர்டையும் ஆளையும் ஏத்திட்டு போற தம்பிமாருக்கு ஒரு நாளில கூட வேலை செய்ற வசனம் இந்த ரெண்டும்தான், இத மட்டும் வடிவா சொல்லி பழகுங்க.

வட்ஸ்அப்ல எழுதுறதா இருந்தா இப்படி:

‘குட் மோர்னிங் மேடம், ஐ வில் பிக் யூ அப் ஃப்ரொம் த ஹோட்டல் அட் ஃபைவ் தர்ட்டி என்ட் ட்ரொப் யூ ஒஃப் அட் த பஸ் ஸ்டாண்ட்.’

இடத்துக்கு முன்னால ஃப்ரொம் போடலாம், அட் போடலாம், ரெண்டும் சரி. நேரத்துக்கு முன்னால அட்.

இனி ஒரு முக்கியமான விசயம். ஆள ஏத்துறதுக்கு இருக்கிற இதே பிக் அப்புக்கு இன்னொரு அர்த்தம் இருக்கு, பார்லயோ கிளப்லயோ தெரியாத ஒரு ஆளோட கதை குடுத்து மடக்கிக்கொண்டு போறது. அதனால ‘ஐ பிக்ட் அப் அ கேர்ள் லாஸ்ட் நைட்’ எண்டு ஒரு ட்ரைவர் சும்மா ஹயர் ஓடின கதைய சொன்னாலும் கேக்கிறவர் வேற மாதிரி விளங்குவார். கெஸ்ட், பெசெஞ்சர், கஸ்டமர் எண்ட சொல்ல போடுங்க, ‘ஐ பிக்ட் அப் டூ கெஸ்ட்ஸ்’, இடத்தையும் சேத்து சொல்லுங்க, அப்ப பிழையான அர்த்தத்துக்கு வழியே இல்ல.

பொலிஸ் எண்டு வசனத்தின்ட தலையில வந்தா இதே ஏத்துறது கைது செய்றது ஆகிரும், ‘த பொலிஸ் பிக்ட் ஹிம் அப்’. எங்கட பக்கத்து பழைய இங்கிலிஷ் செய்திகள வாசிக்கிற புள்ளைகள் இத தெரிஞ்சு வச்சிருக்கணும், ‘வொஸ் பிக்ட் அப்’ எண்டு ஒரு இளைஞன பத்தி எழுதியிருந்தா ஆரோ அன்பா வந்து கூட்டிட்டு போனதா நினைச்சு தாண்டி போகக்கூடாது. பிடிச்சுக்கொண்டு போனதத்தான் அது சொல்லுது.

பிடி

எனக்கு இந்த பகுதிதான் நல்ல விருப்பம், ஏனெண்டா எங்கட பிடியும் அவங்கட பிக் அப்பும் இவ்வளவு ஒட்டி போகும் எண்டு கனபேர் நினைச்சே பாத்திருக்க மாட்டாங்க.

ஃபோன் சிக்னல் பிடிக்குது, ரேடியோ ஸ்டேஷன் பிடிக்குது. ‘மை ஃபோன் கான்ட் பிக் அப் அ சிக்னல் ஹியர்’. படகில பூட்டியிருக்கிற ஃபிஷ் ஃபைண்டர் கீழ இருக்கிற மீன்கூட்டத்த காட்டினா அதுவும் பிக் அப். மெஷின் மட்டும் இல்ல, நாய் மோப்பம் பிடிக்கிறது ‘பிக் அப் த சென்ட்’.

சளி பிடிச்சிட்டு, ‘ஐ பிக்ட் அப் அ கோல்ட்’. பயணம் போன இடத்தில ஒரு வருத்தம் தொத்திட்டு வந்தா இதான் சொல்லு. சீனி வருத்தம் மாதிரி ஆளுக்குள்ள இருந்தே வாறதுக்கு பிக் அப் சொல்ற இல்ல, வெளில இருந்து ஒட்டினதுக்குத்தான். கெட்ட பழக்கம் பிடிக்கிறதும் இதேதான், கூட்டாளிமாரோட திரிஞ்சு சிகரெட் பழகினா ‘பிக்ட் அப் அ பேட் ஹெபிட்’.

வேகம் பிடிக்குது. மட்டக்களப்பு ஸ்டேஷன்ல இருந்து உதயதேவி மெதுவா வெளிக்கிட்டு ஏறாவூர் தாண்டி ஓட தொடங்கினா ‘த ட்ரெய்ன் இஸ் பிக்கிங் அப் ஸ்பீட்’. நம்மட பொடியன்மார் ‘இந்த பைக்குக்கு பிக்கப் இல்ல’ எண்டு சொல்றதும் இதுல இருந்து வந்ததுதான்.

வியாபாரம் சூடு பிடிக்குது. பாருங்க, இதுக்கும் பிடிதான். ‘பிஸ்னஸ் இஸ் பிக்கிங் அப்’. அறுகம்பேயில சித்திரைக்கு பிறகு அலை நல்லா வர தொடங்கும், ஒக்டோபர் அளவில சீசன் முடியும், அதனால ஏப்ரல் மே மாசத்தில ஒரு கெஸ்ட்ஹவுஸ்காரரிட்ட எப்படி போகுது எண்டு கேட்டா ‘இட்ஸ் பிக்கிங் அப்’ எண்டு மூணு சொல்லுல சொல்லிரலாம், இருந்ததவிட இப்ப பரவாயில்ல, இன்னும் கூடும் எண்டு எல்லாம் அதுக்குள்ள இருக்கு. காத்து கூடினாலும் இதே சொல்லு. மத்தியானத்துக்கு பிறகு கச்சான் காத்து அடிக்க தொடங்கினா ‘த விண்ட் இஸ் பிக்கிங் அப்’. படகுல ஆக்கள கொண்டு போறவங்க இந்த வசனத்த கேட்டா உடனே விளங்கணும், ஏனெண்டா இது கடல்ல ஒரு எச்சரிக்கை. ஆரும் எதையும் தூக்கல்ல, காத்து கூடுது, கரைக்கு திரும்புவமா எண்டு அவர் கேக்கிறார். வியாபாரம், காத்து, அலை, இதெல்லாம் வசனத்தின்ட தலையில வரும், ‘எத?’ எண்டு கேட்டா பதில் வராது. பதில் வராட்டி அனேகமா கூடுறது, தேறுறது, இதான் அர்த்தம். ஃபோன் தூக்கல்ல எண்டது மட்டும் விதிவிலக்கு, அங்க தலையில ஆள் நிப்பார்.

கடைசியா மொழி. டூரிஸ்ட் ஆக்கள் அடிக்கடி கேப்பாங்க, ‘வேர் டிட் யூ பிக் அப் யுவர் இங்கிலிஷ்?’. எங்க வாங்கின எண்டு இல்ல, எங்க பழகின எண்டு. வகுப்புக்கு போய் புத்தகம் வச்சு படிச்சதுக்கு ‘ஸ்டடி’, ‘லேர்ன்’ இருக்கு, பிக் அப் எண்டா காதில விழுந்து விழுந்து தன்பாட்டில வந்தது. அறுகம்பேயில சர்ஃப் பண்ற ஆக்களோட சின்னதில இருந்து கடல்ல நிண்டு இங்கிலிஷ் பிடிச்ச பொடியன்மார் ‘ஐ பிக்ட் இட் அப் ஃப்ரொம் த சர்ஃபர்ஸ்’ எண்டு தலை நிமிந்து சொல்லலாம்.

கிரிக்கெட் கொமென்டரி

காசு செலவில்லாம பிக் அப் பழக நல்ல இடம் இங்கிலிஷ் கொமென்டரி. விக்கெட் எடுத்தா பிக்ட் அப், ரெண்டு ரன் எடுத்தா பிக்ட் அப், காயம் பட்டா ‘பிக்ட் அப் அன் இஞ்சரி’. முதல் ரெண்டும் எடு, மூணாவது பிடி. முரளி 2010ல காலியில அவர்ட 800ஆவது டெஸ்ட் விக்கெட்ட எடுத்தத ‘ஹீ பிக்ட் அப் ஹிஸ் எய்ட் ஹன்ட்ரத் விக்கெட்’ எண்டு சொல்லலாம். ஆனா அவர்ட தூஸ்ராவ, அதாவது வழமைக்கு எதிர்ப்பக்கம் திரும்புற பந்த, பெட்ஸ்மன்மாருக்கு கண்டுபிடிக்க ஏலாம போனத சொல்றப்ப ‘தே குட்ன்ட் பிக் ஹிஸ் தூஸ்ரா’, அங்க அப் இல்ல. பந்து எந்தப்பக்கம் திரும்பும் எண்டு கைய பாத்து அறியிறதுக்கு வெறும் பிக். அப் இருக்கா இல்லையா எண்டு காது குடுத்து கேளுங்க, ஒரு மெச் முழுக்க கேட்டா போதும் உங்களுக்கே பிடிபடும்.

‘இட்’ எங்க வைக்கிறது

சோதனையில மார்க்ஸ் போற இடம் இது. எடு, ஏத்து, பிடி மூணுலயும் எத, ஆர எண்டு பதில் வாற வசனத்தில, அந்த பதில் ஒரு முழு பெயரா இருந்தா அனேகமா ரெண்டு இடத்திலயும் வைக்கலாம், ‘பிக் அப் த பார்சல்’, ‘பிக் த பார்சல் அப்’. ஆனா இட், ஹிம், ஹேர், மீ, யூ, தெம் மாதிரி குட்டி சொல்லு வந்தா நடுவுலதான் இருக்கணும். ‘பிக் இட் அப்’, ‘பிக் தெம் அப்’. ‘பிக் அப் இட்’ எண்டு எழுதினா பிழை. பெயர் நீண்டுகொண்டு போனா நடுவுல வைக்காதீங்க, ‘பிக் த பார்சல் தட் கேம் ஃப்ரொம் கொழும்பு யெஸ்டர்டே அப்’ எண்டு போட்டா வாசிக்கிற ஆள் அப் வாறதுக்குள்ள களைச்சிருவார், அப்ப முதல்லயே சேத்திருங்க.

கேக்கிறப்ப இன்னொரு பிரச்சினை. அவங்க வேகமா கதைச்சா சொல்லெல்லாம் ஒட்டிரும், ‘பிக் இட் அப்’ எண்டது பிக்கிட்டப் எண்டு கேக்கும், ‘பிக்ட் இட் அப்’ பிக்டிட்டப் எண்டு கேக்கும். தெரியாத புது சொல்லு எண்டு பயப்பட வேணாம். வாயால பத்து தரம் ஒட்டி சொல்லி பாருங்க, உங்கட வாய் சொன்னத காது தானா பிடிக்கும்.

பெயரா வந்தா, ஹோட்டல் பிக்அப், பிக்அப் ட்ரக், ஒரே சொல்லா சேத்து எழுதுவாங்க, அழுத்தம் பிக்ல விழும். வினையா வந்தா ரெண்டு சொல்லு, அழுத்தம் அனேகமா அப்ல. சாப்பாடு ஓடர் பண்ற ஆப்ல ‘பிக்அப் ஓர் டெலிவரி’ எண்டு கேட்டா, நீங்க வந்து எடுக்கிறீங்களா, நாங்க கொண்டு வாறதா எண்டு கேக்குது.

இன்னும் சந்தேகமா இருந்தா எதிர்ச்சொல்ல போட்டு பாருங்க. ஆள ஏத்துறதுக்கு எதிர் ட்ரொப் ஒஃப், ஃபோன எடுக்கிறதுக்கு ஹேங் அப், சாமான தூக்கிறதுக்கு புட் டவுன், காத்துக்கு டை டவுன், வியாபாரத்துக்கு ஸ்லோ டவுன். எந்த எதிர் பொருந்துதோ அந்த அர்த்தம். மல்டிபிள் சொய்ஸ் கேள்வில இது நல்லா கை குடுக்கும்.

மூணுக்குள்ளயும் அடங்காதது

சிலது இருக்கு, பாடமாக்கத்தான் வேணும், ஆனா கனக்க இல்ல. ‘பிக் அப் வேர் வீ லெஃப்ட் ஒஃப்’ எண்டா விட்ட இடத்தில இருந்து தொடங்குறது, டீச்சர்மார் வகுப்பு தொடங்குறப்ப சொல்லுவாங்க. ‘பிக் அப் ஆஃப்டர் யுவர்செல்ஃப்’ எண்டா நீங்க போட்ட குப்பைய நீங்களே பொறுக்குங்க, பீச்ல போர்ட் எழுதி வைக்க நினைக்கிற ஆக்களுக்கு உதவும். ‘பிக் அப் ஒன்’ எண்டா வாயால சொல்லாத ஒண்ட குறிப்பால உணர்றது. முகத்த பாத்து அவருக்கு கோவம் எண்டு விளங்கினா ‘ஐ பிக்ட் அப் ஒன் இட்’. இங்க மட்டும் இட் கடைசியிலதான் வரும், நடுவுல போகாது, முன்ன சொன்ன விதி இதுக்கு இல்ல.

‘அப்’ எண்டத மாத்தி வேற குட்டி சொல்ல போட்டா கதையே மாறிரும். ‘பிக் ஒன்’ எண்டா ஒராள நெடுக சீண்டிக்கொண்டு இருக்கிறது, பள்ளிக்கூடத்தில சின்ன புள்ளைகளுக்கு நடக்கிறது. வெளிநாட்டில இருக்கிற உங்கட மருமக்கள் வீடியோ கோல்ல ‘தே பிக் ஒன் மீ’ எண்டு சொன்னா கூட்டிட்டு போறாங்க எண்டு நினைச்சு விட்டிராதீங்க, அந்த புள்ள உதவி கேக்குது.

கொப்பில எழுதுறப்ப ‘பிக் அப் = எடு’ எண்டு ஒருநாளும் எழுதாதீங்க. பிக் அப் த ஃபோன், பிக் அப் அ கோல்ட், பிக் அப் ஸ்பீட் எண்டு பக்கத்து ஆளோட சோடியா எழுதி, அதுக்கு நேரா உங்கட வீட்டில கதைக்கிற மாதிரியே தமிழ எழுதுங்க, ‘சளி பிடிச்சிட்டு’ எண்டு. ‘தடிமன் தொற்றுதல்’ எண்டு புத்தகத் தமிழ்ல எழுதினா அதையும் வேற பாடமாக்க வேண்டி வரும்.

இப்ப இந்த வசனங்கள செஞ்சு பாருங்க. எடுவா, ஏத்தா, பிடியா எண்டு முதல்ல சொல்லுங்க, பிறகு முழு அர்த்தத்த சொல்லுங்க.

‘மை அங்கிள் பிக்ட் அஸ் அப் ஃப்ரொம் கல்முனை.’

‘ஷீ பிக்ட் அப் சிங்களா வென் ஷீ வேர்க்ட் இன் அம்பாறை.’

‘பேடி ப்ரைசஸ் ஆர் பிக்கிங் அப்.’

‘ஐ கோல்ட் ஹேர் த்ரீ டைம்ஸ் பட் ஷீ டிட்ன்ட் பிக் அப்.’

‘த போட் பிக்ட் அப் அ சிக்னல், பிக்ட் அப் ஸ்பீட் என்ட் பிக்ட் அப் த்ரீ ஃபிஷர்மென்.’

முதலாவது ஏத்து. ரெண்டாவது பிடி, வேலை செஞ்ச இடத்தில தன்பாட்டில சிங்களம் பழகிட்டா. மூணாவதும் பிடி, நெல்லு விலை கூடிக்கொண்டு வருது. நாலாவது எடு, அவ ஃபோன் எடுக்கல்ல. அஞ்சாவது வசனத்தில சிக்னல் பிடிச்சு, வேகம் பிடிச்சு, மூணு மீன்பிடிகாரர ஏத்தியிருக்கு.